அனுமதி கேட்பதற்கு யாரிடம் அனுமதி?

கைபேசியில் எண்ணைத் தட்டிப் பச்சைப் பொத்தானை அழுத்திய பிறகு எதிர்முனையில் மணி அடிக்கச் சில வினாடிகள் ஆகும். அந்த இடைவெளியின் தொடக்கத்தில், பழைய ஜிஎஸ்எம் கைபேசி கோபுரத்துக்கு அனுப்பும் முதல் செய்தியின் நீளம் எட்டே பிட். அதில் உங்கள் எண் கிடையாது. சிம் அடையாளம் கிடையாது. யாரை அழைக்கிறீர்கள் என்பதும் கிடையாது. பெரும்பாலும் மூன்று பிட் எதற்காக வந்திருக்கிறேன் என்று சொல்லும். மிச்சம் ஐந்து பிட், கைபேசி அந்தக் கணத்தில் குருட்டாம்போக்கில் பொறுக்கிய எண், 0 முதல் 31 வரை ஏதாவது ஒன்று. கோபுரத்தின் காதில் அது விழுந்துவிட்டால், "இன்ன நேரத்தில் 19 என்று சொன்னவருக்கு இன்ன தடம்" என்கிற பொருளில் எல்லாருக்கும் கேட்கும்படி ஓர் அறிவிப்பு வரும்.

அதே நேரத்துண்டில் பக்கத்துத் தெருவில் இன்னொரு கைபேசியும் வாய் திறந்திருந்தால் இரண்டு அலைகளும் கலந்து வெறும் இரைச்சலாகிப் போகலாம். அப்போது இருவருக்கும் பதில் வராது. ஆளுக்கொரு கால அளவு பொறுத்து மறுபடி அனுப்புவார்கள். இதைவிடச் சிக்கலான நிலை ஒன்று உண்டு. இருவருமே 19 என்ற எண்ணைப் பொறுக்கி, அதில் ஒருவருடையது மட்டும் கோபுரத்துக்கு எட்டிவிட்டால், ஒதுக்கிய தடம் தனக்கே என்று இருவரும் நம்பி அதற்குள் நுழைவார்கள். நுழைந்ததும் தத்தம் அடையாளத்தைச் சொல்ல வேண்டும். தனக்குக் கேட்ட அடையாளத்தைக் கோபுரம் அப்படியே திருப்பிச் சொல்லும். அதில் தன் பெயர் இல்லாதவர் சத்தமில்லாமல் விலகிவிடுவார்.

கம்பியில்லாத் தொடர்பில் ஒரே ஊடகத்தைப் பலர் பகிர்வதற்குப் பாடநூல்கள் மூன்று வழிகளைச் சொல்லித் தொடங்குகின்றன: அதிர்வெண்ணைக் கூறுபோடுவது, நேரத்தைக் கூறுபோடுவது, ஆளுக்கொரு குறியீட்டைக் கொடுத்துப் பிரிப்பது. மூன்றுமே ஒரு முன்நிபந்தனையின் மேல் நிற்பவை. யாருக்கு இப்போது தேவை என்பது பங்கிடுபவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். அரசு மருத்துவமனையில் டோக்கன் வரிசைப்படி மருத்துவரைப் பார்க்கலாம். டோக்கன் கொடுக்கும் சன்னலுக்கு டோக்கன் கிடையாது, அங்கே நெருக்கியடித்துத்தான் ஆக வேண்டும். செல்பேசி வலையமைப்பு எவ்வளவு கட்டுக்கோப்பாக வளர்ந்தாலும் அதன் வாசலில் இந்தச் சன்னல் இருந்துகொண்டே இருக்கிறது. பகிர்வின் வரலாற்றை அந்தச் சன்னலில் நின்று பார்த்தால் பாடநூல் வரிசை தலைகீழாகிறது.

சன்னலைக் கட்டியவர்கள் ஹவாய்ப் பல்கலைக்கழகத்தார். நார்மன் ஆப்ரம்சன், ஃபிராங்க் குவோ முதலானோர் 1968 செப்டம்பரில் வேலையைத் தொடங்கினார்கள். ஆப்ரம்சன் தகவல் கோட்பாட்டில் பெயர் பெற்ற பேராசிரியர். ஸ்டான்ஃபோர்டை விட்டு அவர் ஹவாய்க்கு வந்ததில் கடலலைச் சறுக்கு விளையாட்டுக்கும் பங்குண்டு. ஓவாஹு தீவில் ஹோனலூலு நகரத்தை ஒட்டிய பல்கலைக்கழக வளாகத்தில் ஐபிஎம் 360 கணினி இருந்தது. கிளைக் கல்லூரிகளும் ஆய்வு நிலையங்களும் சிதறிக் கிடந்தன. அவற்றிலிருந்து கணினியைப் பயன்படுத்தத் தொலைபேசிக் கம்பியை நம்ப வேண்டியிருந்தது. கட்டணம் அதிகம், தரமும் குறைவு. முனையத்தின் முன் உட்கார்ந்திருப்பவர் ஒரு வரியைத் தட்டுவார், யோசிப்பார், பதிலைப் படிப்பார். பெரும்பாலான நேரம் கம்பி சும்மா கிடக்கும். அந்த வெறுமைக்கும் சேர்த்தே கட்டணம்.

வானொலிக்கு மாறுவது என்று முடிவாயிற்று. 407.350 மெகாஹெர்ட்ஸில் ஒரு தடம், 413.475 மெகாஹெர்ட்ஸில் இன்னொன்று. ஒன்று முனையங்களிலிருந்து கணினிக்கு, மற்றது கணினியிலிருந்து முனையங்களுக்கு. இரண்டாவதில் தகராறே இல்லை. பேசுவது ஒரே ஒரு கணினி, கேட்பது எல்லாரும். முதல் தடத்தில்தான் சிக்கல். பேசுபவர்கள் பலர். மலைகளும் தூரமும் குறுக்கே இருப்பதால் ஒருவர் பேசுவது மற்றவருக்குக் கேட்கும் என்ற உத்தரவாதமும் இல்லை. அலோஹா வலையமைப்பு 1971 ஜூனில் இயங்கத் தொடங்கியபோது அதன் விதி ஒரு வரியில் அடங்கியது: அனுப்ப இருந்தால் உடனே அனுப்பு, வந்து சேர்ந்தது என்று பதில் வராவிட்டால், ஏதோ ஒரு நேரம் பொறுத்து மறுபடி அனுப்பு. எல்லாரும் ஒரே அளவு நேரம் பொறுத்தால் மறுபடியும் மோதுவார்கள். ஆகவே பொறுக்கும் நேரத்தை ஒவ்வொரு முனையமும் தாறுமாறாகத் தேர்ந்தெடுத்துக்கொள்ளும்.

பொறுப்பற்ற விதியாகத் தோன்றும். கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு பொட்டலம் 704 பிட்: எண்பது எழுத்துகளுக்கு 640, மிச்சம் முகவரிக்கும் பிழை சரிபார்ப்புக்கும். தடத்தின் வேகம் வினாடிக்கு 9,600 பிட். ஆக ஒரு பொட்டலம் வானில் இருக்கும் நேரம் 73 மில்லிவினாடி. ஒருவர் நிமிடத்துக்கு ஒரு பொட்டலம் அனுப்புகிறார் என்றும் 50 பேர் இருக்கிறார்கள் என்றும் வைத்துக்கொள்வோம். அதிர்வெண்ணை 50 கூறாக்கி ஆளுக்கொன்று கொடுத்தால் யாரும் யாரோடும் மோத மாட்டார்கள். ஆனால் ஒருவருக்குக் கிடைப்பது வினாடிக்கு 192 பிட். ஒரு வரி போய்ச்சேர மூன்றரை வினாடிக்கு மேல் ஆகும். நேரத்தைக் கூறுபோட்டாலும் முறை திரும்பி வர அதே மூன்றரை வினாடி, சராசரியாக அதில் பாதி காத்திருக்க வேண்டும். அலோஹா விதிப்படி, அனுப்பும் நூறு பொட்டலங்களில் ஏறக்குறைய 87 முதல் தடவையே, 73 மில்லிவினாடியில், போய்ச் சேர்ந்துவிடும். மிச்சத்துக்கு இரண்டாம் முயற்சி. விட்டுவிட்டுப் பேசுகிறவர்களுக்கு ஒழுங்கு இழைக்கும் அநியாயம் இது. பேசாத நேரத்துக்கான பங்கையும் அவர்கள் கணக்கில் எழுதிவைத்து, பேசுகிற நேரத்தில் அவர்களைக் காக்க வைக்கிறது.

இதற்கு விலை உண்டு. ஒரு பொட்டலம் பிழைக்க வேண்டுமானால், அது கிளம்புவதற்கு முந்தைய 73 மில்லிவினாடிக்குள் வேறு யாரும் தொடங்கியிருக்கக் கூடாது. கிளம்பிய பின் அடுத்த 73 மில்லிவினாடிக்குள்ளும் தொடங்கக் கூடாது. ஆபத்தான காலம் பொட்டலத்தைப் போல் இரு மடங்கு. கோபன்ஹேகன் தொலைபேசி நிறுவனத்தில் பணியாற்றிய அக்னர் எர்லாங் 1909இல் அழைப்புகள் வந்து விழும் விதத்துக்குப் பயன்படுத்திய அதே பாய்சான் பரவலை இங்கே பொருத்தினால், தடத்தின் கொள்ளளவில் உச்சபட்சம் 18.4 விழுக்காடுதான் உருப்படியாகப் பயன்படும் என்று வருகிறது. நம் கணக்கில் அது சுமார் 150 பேர். அதற்கு மேல் ஆள் சேர்ந்தால் வேகம் குறைவதோடு நிற்காது. மோதல் கூடும், மோதியவர்கள் மறுபடி அனுப்புவார்கள், அதனால் மோதல் இன்னும் கூடும், உருப்படியாகப் போய்ச் சேர்வது சரியத் தொடங்கும். ஆப்ரம்சன் 1970இல் வெளியிட்ட கட்டுரையிலேயே உச்ச வரம்பைக் கணக்கிட்டுக் காட்டிவிட்டார். தன் கண்டுபிடிப்பின் பலவீனத்தை முதல் கட்டுரையிலேயே எண்ணாகச் சொன்ன நேர்மை எனக்குப் பிடித்தமானது.

அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் ஆர்பா நிறுவனத்தில் வலையமைப்புத் திட்டத்தை நடத்திவந்த லாரி ராபர்ட்ஸ் 1972இல் ஒரு திருத்தம் சொன்னார். எல்லாரும் ஒரே கடிகாரத்தைப் பார்க்கட்டும், நேரத்துண்டு தொடங்கும் கணத்தில் மட்டுமே வாய் திறக்கட்டும். அப்படிச் செய்தால் பாதி மேல் பாதி விழுகிற அரைகுறை மோதல்கள் இல்லை. மோதினால் முழுசாக மோதும், இல்லாவிட்டால் இல்லை. ஆபத்தான காலம் பாதியாகக் குறைந்து உச்சம் 36.8 விழுக்காடாயிற்று. ராபர்ட்ஸ் தொடர்பாக ஆப்ரம்சன் பின்னாளில் சொன்ன கதை ஒன்று. ஆர்பாநெட்டில் எந்தெந்த இடங்களை எப்போது இணைப்பது என்ற பட்டியல் ராபர்ட்ஸின் அறைக் கரும்பலகையில் இருந்ததாம். அவர் வெளியே போன சமயத்தில் ஆப்ரம்சன் எழுந்து அலோஹாவின் பெயரையும் டிசம்பர் 17 என்று ஒரு தேதியையும் அதில் சேர்த்து எழுதிவிட்டார். பிறகு அதை மறந்தும் போனார். 1972இன் இறுதியில் இணைப்புக் கருவி வரப்போகிறது, தயாராக இருங்கள் என்று அழைப்பு வந்தது. அலோஹாவின் விதியை அவர் சொந்த வாழ்க்கையிலும் கடைப்பிடித்திருக்கிறார்.

பாப் மெட்கால்ஃப் ஆப்ரம்சனின் 1970ஆம் ஆண்டுக் கட்டுரையைப் படித்து, ஹார்வர்டு முனைவர் ஆய்வேட்டில் அலசி, 1973 மே மாதம் ஜெராக்ஸ் ஆய்வகத்தில் ஈதர்நெட்டாக மாற்றிய கதை பலரும் எழுதியது. அது கம்பிக்குள் நடப்பதால் இங்கே விட்டுவிடுகிறேன்.

இனி ஒழுங்கின் பக்கம். ஒழுங்கை நான் குறைத்துப் பேச வரவில்லை. அதன் ஆதாயம் மலைக்க வைப்பது. எர்லாங் 1917இல் தந்த சூத்திரத்தின்படி, ஒரு கோபுரத்தில் 30 பேச்சுத் தடங்கள் இருந்து, நூற்றில் இரண்டு அழைப்புகளுக்கு மேல் ஏமாறக் கூடாது என்று வைத்தால், அது சுமக்கும் போக்குவரத்து 21.9 எர்லாங், அதாவது சராசரியாக ஏறத்தாழ 22 தடங்கள் எப்போதும் பேச்சில் இருக்கலாம். உச்சநேர ஒரு மணியில் ஆளுக்கு ஒன்றரை நிமிடப் பேச்சு என்றால் 876 பேருக்குப் போதும். அதே 30 தடங்களை 30 தனிக் குழுக்களுக்கு ஒவ்வொன்றாகப் பிரித்துக் கொடுத்தால், அதே இரண்டு விழுக்காட்டு நிபந்தனையில் எல்லாம் சேர்ந்து சுமப்பது 0.6 எர்லாங். எல்லாவற்றையும் ஒரே குவியலாக வைத்து, கேட்டவருக்குக் கேட்டபோது கொடுப்பதில்தான் லாபம் இருக்கிறது. கேட்பது எப்படி என்பதை எர்லாங்கின் காலத்தில் யோசிக்க வேண்டியதில்லை. ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு கம்பி ஓடியது, ரிசீவரைத் தூக்கினாலே இணைப்பகத்துக்குத் தெரிந்துவிடும். கம்பியை எடுத்துவிட்ட பிறகுதான் 'எனக்கு வேண்டும்' என்று சொல்வதே ஒரு பகிர்வுப் பிரச்சினையாயிற்று.

ஜிஎஸ்எம்மில் 200 கிலோஹெர்ட்ஸ் அகலமுள்ள ஓர் ஊர்தியலையை எட்டு நேரத்துண்டுகளாக்கினார்கள். ஒரு துண்டு 577 மைக்ரோவினாடி. அதில் அடுத்தவர் துண்டோடு உரசாமலிருக்க விட்ட இடைவெளி எட்டேகால் பிட்டின் நேரம், 30 மைக்ரோவினாடி. இவ்வளவு நெருக்கமாக அடுக்க வேண்டுமானால் கைபேசியின் தூரம் தெரிந்தாக வேண்டும். 30 கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும் கைபேசிக்குக் கோபுரத்தின் கடிகாரமே 100 மைக்ரோவினாடி தாமதமாகத்தான் கேட்கிறது. அது பதில் சொன்னால் இன்னொரு 100 சேரும். ஆகவே தூரத்துக் கைபேசி முன்கூட்டியே பேச வேண்டும், எவ்வளவு முன்கூட்டி என்பதைக் கோபுரம் சொல்ல வேண்டும். முதல் செய்தியின்போது அந்தத் தூரம் யாருக்கும் தெரியாது. அதனால்தான் அந்த எட்டு பிட்டைச் சுமந்து வரும் துடிப்பை மட்டும் குட்டையாக, 88 பிட்டாகச் செய்து, பின்னால் 68 பிட்டுக்கு மேல் வெற்றிடம் விட்டிருக்கிறார்கள். 252 மைக்ரோவினாடி. ஒளி போய்த் திரும்பும் கணக்கில் அது சுமார் 38 கிலோமீட்டர். ஜிஎஸ்எம் கோபுரத்தின் எல்லை பொதுவாக 35 கிலோமீட்டர் என்பது இந்த வெற்றிடத்துக்குள் அடங்கியது. சிக்னல் வலுவாக இருந்தாலும் சாதாரண அமைப்பில் அதைத் தாண்ட முடியாது. அறியாமைக்கு ஒதுக்கிய இடம் என்று அதைச் சொல்லலாம்.

குறியீட்டால் பிரிக்கும் சிடிஎம்ஏவில் தெரியாத சரக்கு வேறு. குவால்காம் நிறுவனம் 1989இல் சான் டியேகோவில் செய்துகாட்டிய முறையில் எல்லாரும் ஒரே அதிர்வெண்ணில் ஒரே நேரத்தில் பேசுவார்கள். குறியீட்டை வைத்துக் கோபுரம் பிரித்தெடுக்கும். ஒருவர் பேச்சு மற்றவருக்கு மெல்லிய இரைச்சல். மெல்லிய என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. நகரச் சூழலில் சிக்னல் ஏறத்தாழத் தூரத்தின் நான்காம் அடுக்கில் தேய்வதாகக் கொண்டால், 100 மீட்டரில் நிற்பவர் குரல் 3 கிலோமீட்டரில் நிற்பவர் குரலைவிட எட்டு லட்சம் மடங்கு ஓங்கியிருக்கும். கிட்டே நிற்பவர் அமுக்கிப் பேசாவிட்டால் மற்ற யாரும் பேச முடியாது. அந்த முறையின் ஐஎஸ்-95 தரத்தில் கோபுரம் ஒவ்வொரு கைபேசிக்கும் வினாடிக்கு 800 தடவை 'கூட்டு', 'குறை' என்று கட்டளையிட்டுக்கொண்டிருந்தது இதற்காகத்தான். முதல் செய்திக்கு இந்தக் கட்டளை ஏது? கைபேசி தாழ்ந்த குரலில் ஒருமுறை கூப்பிடும். பதில் இல்லையென்றால் சற்று ஓங்கி, பிறகு இன்னும் ஓங்கி. (சிடிஎம்ஏ என்றதும் நடிகை ஹெடி லமார் 1942இல் பெற்ற காப்புரிமையைத் தொடுப்பது எழுதுபவர்களின் வழக்கமாகிவிட்டது. பியானோச் சுருள் போன்ற ஒன்றை வைத்து 88 அதிர்வெண்களில் தாவும் யோசனை அது, அழகானதுதான். ஐஎஸ்-95 தாவுவதில்லை. தாவலைத் தேடினால் ஜிஎஸ்எம்மில் கிடைக்கும்.)

4ஜி இவற்றைவிட நுணுக்கமானது. 15 கிலோஹெர்ட்ஸ் துணையலைகளைப் பன்னிரண்டு பன்னிரண்டாகக் கட்டி, மில்லிவினாடிக்கு ஒருமுறை யாருக்கு எத்தனை கட்டு என்று மாற்றி மாற்றிப் பங்கிடுகிறது. வாசல் மட்டும் மாறவில்லை. 64 ஒலிக்குறிகளில் ஒன்றைக் கைபேசி பொறுக்கி எழுப்புகிறது. இரண்டு பேர் ஒன்றையே பொறுக்கினால் ஜிஎஸ்எம்மில் பார்த்த அதே பெயர் கேட்கும் படலம்.

பங்கிடுபவர் கையிலிருந்து தேர்வைப் பயனர் கைக்கு மாற்றிய முயற்சி ஒன்று சென்னையோடு தொடர்புடையது. அசோக் ஜுன்ஜுன்வாலாவும் சென்னை ஐஐடியின் டெனெட் குழுவும் மைடாஸ் நிறுவனத்தோடு சேர்ந்து 1990களில் உருவாக்கிய கோர்டெக்ட், மலிவான ஊரகத் தொலைபேசி இணைப்புக்கானது. அதன் அடிப்படை ஐரோப்பிய டெக்ட் தரம்: பத்து ஊர்தியலைகள், ஒவ்வொன்றிலும் பன்னிரண்டு இருவழித் தடங்கள், ஆக 120. எந்தத் தடம் சந்தடியில்லாமல் இருக்கிறது என்று கேட்டுப் பார்த்துப் பயனர் கருவியே எடுத்துக்கொள்ளும். எந்தக் கோபுரத்துக்கு எந்த அதிர்வெண் என்று வரைபடம் போட்டு உட்காரும் பொறியாளர் தேவையில்லை. செலவுக் குறைப்பில் இதற்கும் பங்கிருந்தது. நிலையான தொலைபேசி போலக் கருதப்பட்டு அது செல்பேசி வெள்ளத்தில் பின்தங்கியது வேறு கதை.

வைஃபை எதிர்த்திசையில் நடந்திருக்கிறது. 1997இல் வந்த அதன் முதல் தரத்திலிருந்தே ஆளும் மேலாளர் இல்லாத ஏற்பாடு அது. பேசுமுன் கேட்கும். அமைதியானதும், பொறுக்கிய எண்ணைப் பூஜ்யம் வரை எண்ணிவிட்டுப் பேசும். இன்றைய பொதுவான அமைப்பில் 0 முதல் 15 வரையிலான எண், ஒவ்வோர் எண்ணிக்கைக்கும் 9 மைக்ரோவினாடி. மோதினால் 31 வரை, மறுபடி மோதினால் 63 வரை. அடுக்குமாடியில் முப்பது ரவுட்டர்கள் முட்டிக்கொள்ளும் காலம் வந்ததும், வைஃபை 6 செல்பேசியின் வழிக்கு வந்தது. அணுக்கப்புள்ளியே துணையலைகளைப் பங்கிடும். பங்கிட்ட பின், எனக்கும் அனுப்ப இருக்கிறது என்று சொல்ல விரும்புவோருக்காகச் சில துண்டுகளை யாருக்கும் எழுதாமல் விட்டுவைக்கும் ஏற்பாடும் அதே தரத்தில் இருக்கிறது. அவற்றில் மோதிக்கொள்ளலாம். மேலாளர் வந்ததும் சன்னலும் கூடவே வந்துவிட்டது.

கூட்டம் சேரும்போது உடைவது இந்தச் சன்னல்தான். செல்பேசித் தரங்களை வகுக்கும் 3ஜிபிபி, 2011இல் வெளியிட்ட ஆய்வறிக்கையில் ஒரு நிலைமையைக் கற்பனை செய்து பார்த்தது. ஒரு கோபுரத்தின் கீழ் 30,000 மின்மீட்டர் போன்ற கருவிகள். ஏதோ காரணத்தால் பத்தே வினாடிக்குள் எல்லாம் வாசலைத் தட்டுகின்றன. வாசல் 5 மில்லிவினாடிக்கு ஒருமுறை திறக்கிறது, ஒவ்வொரு தடவையும் 54 ஒலிக்குறிகள். வினாடிக்கு 10,800 வாய்ப்புகள். ராபர்ட்ஸின் 36.8 விழுக்காட்டைப் போட்டால், வினாடிக்கு 3,970 பேர் வரை தப்பலாம். பத்து வினாடிக்கு 39,700. போதுமே என்று தோன்றும். வருகை சீராக இருந்தால் போதும்தான். அறிக்கை எடுத்துக்கொண்ட மணிவடிவப் பரவலில் நான்காவது வினாடிவாக்கில் வருகை வினாடிக்கு 6,200ஐத் தொடுகிறது. அந்த இடத்தில் நிகழ்வது ஹவாய்க் கணக்கின் சரிவு. தோற்றவர்களின் மறுமுயற்சி புதியவர்கள் மேல் ஏற, மோதல் பெருகி, உள்ளே நுழைவோர் எண்ணிக்கை குறைகிறது. இந்தியாவில் வீடுவீடாகப் பொருத்தப்படும் ஸ்மார்ட் மீட்டர்களில் கணிசமானவை செல்பேசி வலையமைப்பு வழியே பேசுபவை. மின்தடை நீங்கிய நொடியில் ஒரு பகுதி மீட்டர்கள் எல்லாம் ஒன்றாக விழித்துக்கொள்வது கற்பனைக்கு அப்பாற்பட்ட காட்சி அல்ல.

இதற்கான மருந்து பழைய சிம் அட்டையிலேயே எழுதப்பட்டிருக்கிறது. நம் ஒவ்வொருவர் சிம்மிலும் 0 முதல் 9 வரை ஒரு வகுப்பு எண் உண்டு. நமக்குத் தெரியாது, தெரியவேண்டிய தேவையும் இல்லை. நெரிசல் மிகும்போது கோபுரம் இன்ன வகுப்பினர் இப்போது தட்ட வேண்டாம் என்று ஒலிபரப்பலாம். 11 முதல் 15 வரையிலான வகுப்புகள் பாதுகாப்புப் படை, அவசரச் சேவை, மின்சாரம் குடிநீர் போன்ற பொதுப் பணிகள், நிறுவனத்தின் சொந்த ஊழியர் ஆகியோருக்கானவை. 4ஜியில் இது இன்னும் மென்மையாக்கப்பட்டது. கோபுரம் ஒரு பின்னத்தை ஒலிபரப்பும். கைபேசி தனக்குள் ஒரு சீட்டெடுக்கும். எடுத்த எண் அதற்குக் கீழே இருந்தால் தட்டலாம், மேலே இருந்தால் பொறுத்திருக்க வேண்டும். சிக்னல் கோடுகள் முழுசாகத் தெரிந்தும் அழைப்பு போகாத சில நேரங்களில், நம் கைபேசி இந்தச் சீட்டில் தோற்றுக்கொண்டிருக்கக்கூடும். இதை வெளிப்படையாகச் சொல்ல எந்தத் திரையிலும் ஓர் அறிகுறி இல்லை என்பது எனக்கு நியாயமாகப் படவில்லை.

தட்டுபவர்களைக் குறைக்காமல் மோதலையே பயன்படுத்திக்கொள்ளும் வழி செயற்கைக்கோள் துறையிலிருந்து வந்திருக்கிறது. செயற்கைக்கோளுக்கும் அலோஹாவுக்கும் உறவு பழையது. கப்பல்களுக்காக 1976இல் ஏவப்பட்ட மாரிசாட் அமைப்பில் தடம் கேட்கும் வழி அலோஹாதான். ஐரோப்பிய விண்வெளி நிறுவனத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 2007இல் முன்வைத்த முறையில் ஒவ்வொருவரும் தம் பொட்டலத்தை இரண்டு துண்டுகளில் இரண்டு தடவை அனுப்புவார்கள். ஒவ்வொரு பிரதியிலும் மற்றது எங்கே இருக்கிறது என்ற குறிப்பு இருக்கும். பெறும் நிலையம் மோதிய துண்டை எறிந்துவிடாமல் அலையை அப்படியே பதிவுசெய்து வைக்கும். முதலாமவர் 2, 7ஆம் துண்டுகளில் அனுப்புகிறார். இரண்டாமவர் 7, 9இல். மூன்றாமவர் 9, 4இல். நான்காம் துண்டில் வேறு சிலரும் விழுந்து அது பாழாகிவிட்டது. இரண்டாம் துண்டில் முதலாமவர் தனியாக இருக்கிறார், படித்தாயிற்று. அவருடைய இன்னொரு பிரதி 7இல் இருப்பது தெரிந்துவிட்டதால், பதிவிலிருந்து அவர் அலையைக் கழித்தால் இரண்டாமவர் வெளிப்படுகிறார். அவரை 9இலிருந்து கழித்தால் மூன்றாமவர். மூன்றாமவரை 4இலிருந்து கழித்தால் அங்கே மிஞ்சியிருப்பவர் ஒருவரானால் அவரும் பிழைப்பார்.

இரண்டு பிரதி முறையில் உச்சப் பயன் 36.8 விழுக்காட்டிலிருந்து சுமார் 55க்கு ஏறியது. பிரதிகளின் எண்ணிக்கையை ஆளுக்கு ஆள் மாற்றினால், துண்டுகளின் தொகுப்பான சட்டகம் எல்லையின்றி நீளமாக இருக்கும்பட்சத்தில் 97 விழுக்காடு வரை போகலாம் என்று ஜெர்மன் விண்வெளி மையத்தின் ஜான்லூயிஜி லிவா 2011இல் காட்டினார். இருநூறு துண்டுகள் கொண்ட நடைமுறைச் சட்டகத்தில் எட்டுவது 80 விழுக்காட்டையொட்டி. கழித்தல் சரியாக வர வேண்டுமானால் பிரதியின் கட்டமும் அதிர்வெண் நகர்வும் துல்லியமாகத் தெரிய வேண்டும். இரண்டு பேர் அதே இரு துண்டுகளைப் பொறுக்கிவிட்டால் கழிக்கத் தொடங்கவே முடியாது. சட்டகம் குட்டையாக இருக்க இருக்க அந்த ஜோடிகள் அடிக்கடி அமையும், நீளமாக்கினால் காத்திருப்பு கூடும்.